சாய்ந்த எழுத்து, தடித்த எழுத்து: தமிழ்த் தலைப்பெழுத்தின் வரலாறு

முன்னுரை

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் திருமழிசையைத் தாண்டியதும் வரும் ஊர் குத்தம்பாக்கம். 1996ல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ ரங்கசாமியின் பணிகளால் வெளியூர்களிலும் அறியப்பட்ட ஊர் இது. பின்னர் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தன் புறநகர்ப் பேருந்து நிலையம் ஒன்றுக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தபோது, இந்தப் பெயர் செய்தித்தாள் தலைப்புகளுக்கும் வந்தது.

இந்த ஊரின் பெயரை எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கு, த், த, ம், பா, க், க, ம் என்று மொத்தம் எட்டு எழுத்துக்கள். அதில் நான்கு மெய்யெழுத்துக்கள். அதாவது பாதி எழுத்துக்களின் தலையில் புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளிகள் மங்கிவிட்டால் "குததமபாககம" என்றுதான் படிக்க வேண்டும். கையளவு காகிதத்தில் இது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் நொடிக்கு சுமார் 17 மீட்டர் தூரத்தைக் கடக்கிறார். முப்பது மீட்டர் தொலைவில்தான் ஒரு பலகை தெளிவாகத் தெரிகிறது என்றால், அதைப் படிக்க அவருக்கு இரண்டு நொடிகூட இல்லை.

அந்த இரண்டு நொடிக்காக உருவானவைதான் தலைப்பெழுத்துக்கள். கடைப் பலகை, செய்தித்தாள் தலைப்பு, பேருந்தின் நெற்றி, பொருள்களின் பெயர் ஆகியவற்றுக்கு இன்று உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் வகைகளில் ஒன்று, தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, முனைகளில் எந்த அலங்காரமும் இல்லாமல் இருக்கும் எழுத்து. வேகத்தையும் உறுதியையும் காட்ட நினைக்கும் நிறுவனங்கள் இதைத்தான் முதலில் தேடுகின்றன. இந்த எழுத்து எப்படிப் பிறந்தது, தமிழுக்கு எப்படி வந்தது, தமிழில் அது ஏன் எளிதில் அமையவில்லை என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

மூன்று குணங்களின் பிறப்பு

தடிப்பு, சாய்வு, அலங்காரமின்மை என்ற இந்த மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை அல்ல. இவற்றில் மூத்தது சாய்வு.

இத்தாலியின் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற பதிப்பாளர் இருந்தார். அவருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற அச்செழுத்துக் கலைஞர், அக்கால அறிஞர்களின் விரைவான கையெழுத்தைப் பார்த்து ஒரு சாய்ந்த அச்செழுத்தைச் செதுக்கினார். 1501ல் வெளியான வர்ஜிலின் கவிதை நூல் முழுவதும் அந்த எழுத்திலேயே அச்சானது. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நூல்களுக்கான எழுத்து அது. இத்தாலியில் பிறந்ததால் இட்டாலிக் என்று பெயர் பெற்றது. ஒரு சொல்லை அழுத்திக் காட்டவும் நூல் பெயரைக் குறிக்கவும் சாய்வெழுத்தைப் பயன்படுத்தும் வழக்கம் அதன் பிறகுதான் வந்தது.

தடிப்பு தொழிற்புரட்சியின் குழந்தை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரிச் சீட்டுக்கும் நாடக நோட்டீசுக்கும் தெருவில் போகிறவர்களை நிறுத்திப் படிக்க வைக்கும் எழுத்து தேவைப்பட்டது. நூலுக்காகச் செய்த மெல்லிய எழுத்தைப் பெரிதாக்கினால் போதவில்லை. அதனால் கோடுகளைப் பருமனாக்கினார்கள். அதே காலத்தில் 1816ல் நான்காம் வில்லியம் காஸ்லன் தன் எழுத்து மாதிரிப் புத்தகத்தில், முனைகளில் சிறு கோடுகளே இல்லாத ஓர் எழுத்தை வெளியிட்டார். அந்த முனைக் கோட்டின் பெயர் செரிப். அது இல்லாத எழுத்து சான்ஸ் செரிப் ஆனது. அச்சில் வந்த முதல் லத்தீன் சான்ஸ் செரிப் எழுத்தாக இதையே குறிப்பிடுகிறார்கள்.

20ஆம் நூற்றாண்டில் இம்மூன்றும் ஒன்று சேர்ந்தன. 1927ல் ஜெர்மனியில் பவுல் ரென்னர் வடிவமைத்த ஃபியூச்சுரா வெளிவந்தது. 1957ல் ஸ்விட்சர்லாந்திலிருந்து ஹெல்வெட்டிகாவும், ஸ்விஸ் வடிவமைப்பாளர் ஏட்ரியன் ஃபுருட்டிகரின் யூனிவர்ஸும் வந்தன. யூனிவர்ஸ் ஒரே எழுத்தாக வராமல் மெல்லியது, தடித்தது, குறுகியது, சாய்ந்தது என 21 வடிவங்கள் கொண்ட ஒரு குடும்பமாகத் திட்டமிடப்பட்டது. தடிப்பும் சாய்வும் ஓர் எழுத்தின் பிறவிக் குணம் என்ற நிலை மாறி, வேண்டும்போது தேர்ந்தெடுக்கும் அளவுகளாகிவிட்டன. 1970களின் இறுதியில் நைக்கி நிறுவனம் தன் பெயரை எழுதிக்கொண்டது ஃபியூச்சுராவின் தடித்த சாய்வு வடிவத்தில்தான். ஓடுகிறவன் உடல் முன்னோக்கிச் சாய்வதுபோல எழுத்தும் சாய்ந்தால் வேகம் தெரியும் என்ற எண்ணம் அப்படியே நிலைத்துவிட்டது.

ஓலையில் இருந்த சமமான கோடு

சான்ஸ் செரிப் என்றதும் அது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று தோன்றும். தமிழைப் பொறுத்தவரை இது பாதிதான் உண்மை.

தமிழ் பல நூற்றாண்டுகள் பனை ஓலையில் எழுதப்பட்டது. எழுதும் கருவி இரும்பு எழுத்தாணி. இறகுப் பேனாவும் பட்டைத் தூரிகையும் பிடிக்கும் கோணத்துக்கு ஏற்ப ஓரிடத்தில் தடித்த கோட்டையும் இன்னோரிடத்தில் மெல்லிய கோட்டையும் தரும். எழுத்தாணி அப்படி இல்லை. அது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அளவு கீறல்தான். அதன்மேல் கரியைத் தடவித் துடைத்தால் ஒரே பருமனுள்ள கோடுகளாக எழுத்து தெரியும். முனைகளில் அலங்காரக் கோடு இல்லை. தடிப்பு, மெலிவு என்ற வேறுபாடும் இல்லை. இன்றைய மொழியில் சொன்னால், ஓலைத் தமிழ் இயல்பாகவே ஒரு சான்ஸ் செரிப் எழுத்து.

ஆனால் ஓலைக்கு ஒரு குறை இருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியம் காலத்து விதி. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எ, ஒ என்ற குறில்களுக்கும் புள்ளி இட வேண்டும் என்பது அக்கால விதி. அதுவும் கைவிடப்பட்டது. துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லாமல் போயிற்று. உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியையும் 1894ல் புறநானூற்றையும் அச்சிட்டபோது, ஏடுகளில் எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்று சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சின்னக் குறிகளின் கதை பிறகு தலைப்பெழுத்துக்களிலும் திரும்ப வரும்.

ஈயத்தில் வார்த்த தமிழ்

1554ல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாயிற்று. ஆனால் அது ரோமன் எழுத்துக்களில் இருந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சாகி இன்று கிடைக்கும் மிகப் பழைய நூல், 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளியான தம்பிரான் வணக்கம். பதினாறு பக்கங்கள் கொண்ட அந்த நூலைத் தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார். அதற்கான எழுத்துக்களில் ஒரு பகுதி 1577ல் கோவாவிலும், மற்றொரு பகுதி 1578ல் கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. இந்தியாவின் மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ் என்ற பெருமை இப்படித்தான் கிடைத்தது.

அடுத்த பெரிய கட்டம் தரங்கம்பாடி. 1706ல் அங்கு வந்த சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துக்களைச் செய்து அனுப்பினார்கள். 1713ல் அச்சகம் தமிழில் இயங்கத் தொடங்கியது. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துக்கள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் போதாது. எனவே அருகிலிருந்த பொறையாரில் சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக் கட்டியைப் பொதிந்து அனுப்பிய ஈயத் தகடுகளை உருக்கி அதற்குப் பயன்படுத்தினார்கள் என்று கூறப்படுகிறது. 1715ல் புதிய ஏற்பாடு நிறைவுபெற்றது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அன்று முதல் தமிழ் அச்செழுத்தின் முன்னேற்றம் என்றால் சிறியதாக்குவது என்றே பொருள்பட்டது. 1840 முதல் 1866 வரை சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய பி.ஆர்.ஹண்ட் அழகிய சிறு எழுத்துக்களை உருவாக்கினார். 1862ல் அங்கு அச்சான வின்சுலோவின் தமிழ் அகராதி அந்தத் திறமைக்குச் சான்று. ஐரோப்பிய நூலெழுத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் செதுக்கியதால், ஓலையில் சமமாக இருந்த கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் மாறியது. நூல் படிக்க அது இதமாக இருந்தது. தூரத்திலிருந்து படிப்பதற்கான எழுத்தைப் பற்றி யாரும் அப்போது யோசிக்கவில்லை.

புள்ளியும் கொம்பும்

இதற்கிடையில் தமிழ் எழுத்தில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) குறிலுக்கும் நெடிலுக்கும் தெளிவான வேறுபாட்டைக் கொண்டுவந்தார். எ என்பதற்குக் கீழே ஒரு சாய்கோடு சேர்த்தால் ஏ. ஒ என்பதன் அடியில் சுழித்தால் ஓ. ஒற்றைக் கொம்பின் மேல்முனையைச் சுழித்தால் இரட்டைக் கொம்பு. அச்சு பரவப் பரவ இந்த முறை நிலைபெற்றது. புள்ளியும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

சீர்திருத்தம் சிறந்ததுதான். ஆனால் இதன் பிறகு பொருள் வேறுபாடு முழுவதும் மிகச் சிறிய குறிகளில் வந்து தங்கிவிட்டது. எரி, ஏரி என்ற இரண்டு சொற்களையும் பிரிப்பது ஒரு சிறு வால். கொடி, கோடி என்பவற்றைப் பிரிப்பது கொம்பின் ஒரு சுழி. மரம் என்பதில் ரகரத்தின் கால் தெரியாவிட்டால் மாம் ஆகிவிடும். குத்தம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. அந்த ஏரியின் பெயர்ப் பலகையில் வால் மறைந்தால் நீர் நெருப்பாகிவிடும்!

தலைப்புக்கு வந்த பெரிய எழுத்து

1835ல் அச்சகங்களுக்கு இருந்த கட்டுப்பாடுகள் நீங்கின. தமிழ் அச்சகங்கள் பெருகின. 1882ல் ஜி.சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரன் 1899ல் நாளிதழானது. 1926ல் ஆனந்த விகடன், 1934ல் தினமணி என்று இதழ்கள் வரிசையாக வந்தன. கடையில் தொங்கும் இதழை வாங்க வைப்பது தலைப்புத்தான் என்ற நிலை வந்தது. 1942ல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி எளிய தமிழையும் பெரிய தலைப்பையும் தன் அடையாளமாக்கியது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் படிக்கும்போது எதிரே நிற்பவரும் தலைப்பைப் படித்துவிடலாம்.

பெரிய எழுத்து வார்ப்பது எளிதல்ல. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26 போதும். தமிழுக்கு உயிர், மெய், உயிர்மெய் எல்லாம் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி அச்சுக்கள் வேண்டும். உகர ஊகார வரிசைகளில் ஒவ்வோர் எழுத்தும் தனி வடிவம். 72 பாயிண்ட் என்பது ஏறக்குறைய ஓர் அங்குல உயரம். அந்த அளவில் இத்தனை எழுத்துக்களையும், ஒவ்வொன்றிலும் பல பிரதிகளையும் ஈயத்தில் வைத்திருந்தால் கேஸ்களின் கனத்தைத் தூக்கவே முடியாது. செலவும் அதிகம். அதனால் போஸ்டர் அச்சகங்கள் மரத்தில் செதுக்கிய எழுத்துக்களை வைத்திருந்தன. மரத்தில் மெல்லிய கோடு உடைந்துவிடும் என்பதால் கோடுகள் பருமனாகவே செதுக்கப்பட்டன. தமிழின் தடித்த தலைப்பெழுத்து இப்படித் தேவையாலும் பொருளாலும் பிறந்தது.

பத்திரிகைகள் இன்னொரு வழியைக் கண்டன. கதைத் தலைப்பையும் தொடர் தலைப்பையும் ஓவியரே தூரிகையால் எழுதிக் கொடுப்பார். அதை பிளாக் எடுத்து அச்சிடுவார்கள். இதனால் கதைக்கு ஏற்ற எழுத்து கிடைத்தது. பேய்க் கதைக்கு நடுங்கும் எழுத்து, காதல் கதைக்கு வளைந்த எழுத்து, துப்பறியும் கதைக்குச் சாய்ந்து தடித்த எழுத்து. 1938ல் பிறந்து 2008ல் மறைந்த ஓவியர் கே.எம்.ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் எழுதிய தலைப்புகள், தமிழ் எழுத்தே ஓர் ஓவியமாக முடியும் என்று காட்டின.

அச்சுக்கோப்பவர்களிடம் சாய்ந்த தமிழ் எழுத்து தனித் தொகுதியாக இருப்பது அரிது. ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமென்றால் தடித்த எழுத்தைக் கோப்பார்கள், அல்லது மேற்கோள் குறிக்குள் வைப்பார்கள். ஆகவே சாய்வு தமிழுக்கு நூலின் வழியாக வராமல் தெருவின் வழியாகவே வந்தது.

சுவரும் தூரிகையும்

தமிழ்நாட்டுச் சுவர்களைப் போல எழுத்தைப் பார்த்த சுவர்கள் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகமே. திராவிட இயக்கத்தின் வளர்ச்சியோடு சுவரெழுத்தும் வளர்ந்தது. அதைக் கட்டுப்படுத்த 1959லேயே பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது என்றால் அதன் பரவலைப் புரிந்துகொள்ளலாம். தேர்தலுக்கு நெடுநாள் முன்பே கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரைப் பிடித்து வைப்பதும் நடந்தது.

சுவரில் எழுதுகிறவர் முதலில் வெள்ளையடிப்பார். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துக் கட்டிச் சுண்டினால் நேர்கோடு விழும். பட்டைத் தூரிகையால் எழுத்தின் உடலை நிரப்புவார். பிறகு வேறு நிறத்தில் அவுட்லைன், அதன் பின் ஒரு பக்கமாக ஷேடு. நின்றபடியே கையை வீசி எழுதும்போது எழுத்து இயல்பாக வலப்பக்கம் சாயும். தலைவரின் பெயர் இடமிருந்து வலமாக ஏறிச் செல்லும். கடைசி எழுத்தின் வால் பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடும். தடிப்பு, சாய்வு, செரிப் இல்லாத முனை என்ற மூன்றும் தமிழில் முழுமையாகச் சேர்ந்தது இங்கேதான். லாரியின் நெற்றியிலும் தனியார் பேருந்தின் பக்கவாட்டிலும் அதே எழுத்து ஏறியது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் அந்தச் சாலைகளில் இருந்த பல "ஆர்ட்ஸ்" கடைகளின் பிழைப்பு இந்த எழுத்துத்தான்.

இவர்கள் எழுதிய சாய்வெழுத்தில் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தின் உடல் எவ்வளவு சாய்ந்தாலும் புள்ளியை அதற்குரிய எழுத்தின் உச்சியிலேயே வைப்பார்கள். சில சமயம் புள்ளியை நட்சத்திரமாக்குவார்கள், சிறு வட்டமாக்குவார்கள். ண எழுத்தில் மூன்று சுழிக்கும் இடம் வேண்டுமென்று அந்த ஓர் எழுத்தை மட்டும் அகலமாக எழுதுவார்கள். எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் கை அனுபவத்தில் கண்ட விதிகள் இவை.

1978ன் சீர்திருத்தம்

பெரியார் 1935ல் குடிஅரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். அதில் ஒரு பகுதியை 1978 அக்டோபர் 19 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக வெளியிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகிய 13 எழுத்துக்கள் புதிய வடிவம் பெற்றன. யானைத் தும்பிக்கைபோல வளைந்த பழைய லை, னை போய்விட்டன. அச்சுக்கோப்புக்கும் தட்டச்சுக்கும் இது பெரிய வசதி. தலைப்பெழுத்துக்கும் மறைமுகமாக நன்மை செய்தது. பழைய ணை போன்ற பின்னலான எழுத்தைத் தடித்து எழுதினால் கறுப்புத் திட்டாகிவிடும். கொம்பும் மெய்யும் தனித்தனியே நிற்கும் புதிய வடிவம் தடிப்பைத் தாங்கியது.

கணினியும் சாய்வுப் பொத்தானும்

1980களின் நடுவில் தமிழ் கணினிக்குள் நுழைந்தது. கனடாவில் ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் ஆகியவை முன்னோடிகள். 1990களில் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியீட்டைப் பயன்படுத்திய குழப்பத்தைத் தீர்க்க 1999ல் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. 1991லேயே தமிழைச் சேர்த்திருந்த யூனிகோடை, 2010 ஜூனில் தமிழக அரசு தன் தரமாக ஏற்றுக்கொண்டது.

இந்த முயற்சிகள் எல்லாம் தமிழைத் திரையில் தெரிய வைப்பதற்கும் அனுப்புவதற்கும் ஆனவை. எழுத்தின் அழகு அடுத்த கவலையாகவே இருந்தது. அது நியாயமும்கூட. ஆனால் இதே காலத்தில்தான் டிடிபி சென்டர்களும் ஸ்டிக்கர் கடைகளும், பிறகு ஃபிளெக்ஸ் பேனரும் வந்தன. தூரிகை பிடித்த கைகள் வேலை இழந்தன. ஒரு நாள் முழுக்க எழுதிய பலகையை ஒரு மணி நேரத்தில் அச்சடித்துத் தந்தார்கள். பலகை எழுதியவரின் கையோடு அவர் அறிந்த விதிகளும் போய்விட்டன.

மென்பொருளில் தடிப்புக்கு ஒரு பொத்தான், சாய்வுக்கு ஒரு பொத்தான் உண்டு. ஆங்கில எழுத்துரு என்றால் அந்தப் பொத்தான் பெரும்பாலும் வடிவமைப்பாளர் தனியாக வரைந்து வைத்த எழுத்தை எடுத்துத் தரும். தமிழில் அப்படி வரைந்து வைத்தது இல்லாதபோது மென்பொருள் தானே ஒரு போலி எழுத்தை உண்டாக்கும். தடிப்பு வேண்டுமா, எல்லாக் கோட்டையும் சுற்றிலும் ஊதிவிடும். சாய்வு வேண்டுமா, மொத்த எழுத்தையும் ஒரு கோணத்தில் தள்ளிவிடும். விண்டோஸில் வந்த லதா, விஜயா, நிர்மலா ஆகியவற்றில் தடித்த வடிவம் உண்டு. தமிழுக்கென வரைந்த சாய்வு வடிவம் இல்லை. ஆகவே அவற்றில் காணும் தமிழ்ச் சாய்வெழுத்து கணக்குப் போட்டுச் சாய்த்ததே.

சாய்த்தால் என்ன கெடுகிறது?

லத்தீன் எழுத்தில் நேர்கோடுகள் அதிகம். தள்ளிச் சாய்த்தாலும் பெரிதாகச் சிதையாது. அப்படியிருந்தும் நல்ல வடிவமைப்பாளர்கள் வட்டங்களைத் திருத்தி வரைகிறார்கள். ஏனென்றால் வட்டத்தைத் தள்ளினால் ஒரு மூலையில் பருத்தும் மறு மூலையில் இளைத்தும் கோணலாகும். தமிழோ சுழிகளின் மொழி. ண, ன, ஞ, இ, ஐ, கொம்பு எல்லாம் சுழி. தள்ளிச் சாய்த்தால் எழுத்துக்குப் பல இடத்தில் கோணல்.

இரண்டாவது, புள்ளி. சாய்வு அடியில் குறைவாகவும் உச்சியில் அதிகமாகவும் இழுக்கும். உச்சியில் இருக்கும் புள்ளி தன் எழுத்தை விட்டு அடுத்த எழுத்தின் மேல் போய் உட்காரும். குத்தம்பாக்கம் என்ற பெயரில் நான்கு புள்ளிகளும் இப்படி இடம் மாறினால், எது மெய், எது உயிர்மெய் என்று ஒரு கணம் கண் தடுமாறும். இகர, ஈகாரக் கொக்கிகளுக்கும் இதே கதிதான்.

மூன்றாவது, தடிப்பு. கோட்டைச் சுற்றிலும் ஊதினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் தூரத்தில் ஒன்றாகத் தெரியும். ஏகாரத்தின் வாலும் ரகரத்தின் காலும் உடலோடு ஒட்டிவிடும். எழுத்தாணிக்குப் பயந்து ஓலையில் விட்டுப்போன அதே குறிகள், இப்போது இயந்திரத்தின் கவனமின்மையால் மறுபடி மறைகின்றன.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற விகிதமும் சொல்லப்பட்டிருக்கிறது. 2006ல் தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கும் தரப்பட்டது. விதி தமிழுக்கு இடத்தை வாங்கித் தரும். ஆனால் அந்த இடத்தில் நிற்கும் எழுத்து மங்கலாக இருந்தால் மக்கள் கண் பக்கத்தில் சிறிதாக ஆனால் தெளிவாக இருக்கும் ஆங்கிலத்துக்குத்தான் போகும்.

புதிய எழுத்துருக்கள்

2010களின் நடுவிலிருந்து நிலைமை மாறத் தொடங்கியது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் எழுத்துரு மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது அளவுகளில் இலவசமாக வெளிவந்தது. நம் கட்டுமரம்தான் ஆங்கிலம் போய்த் திரும்பி வந்த பெயர் இது. ஏக் டைப் குழுவின் பலூ தம்பி கொழுத்த, உருண்ட தலைப்பெழுத்து. அதே குழுவின் முக்தா மலர் எளிய சான்ஸ் செரிப். 2022ல் வந்த அனேக் தமிழ் எழுத்தின் பருமனையும் அகலத்தையும் விரும்பியபடி மாற்றிக்கொள்ள வைத்தது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவனார், கையெழுத்துப் போலச் சாய்ந்தே பிறந்த தமிழ் எழுத்துரு. கூகுளின் நோட்டோ வரிசையில் தமிழுக்கான செரிப் எழுத்துருவிலும் சாய்வு வடிவம் சேர்ந்தது.

இவற்றில் தடித்த எழுத்தின் சுழிக்குள் வெள்ளை அடைபடாமல் இருக்கக் கோட்டை உள்பக்கம் மெலிதாக்கியிருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் காணலாம். பலகை எழுதியவர் கையால் கண்டதை இவர்கள் திரையில் மீண்டும் கண்டிருக்கிறார்கள். ஆனால் கட்டமரானில் தடிப்பு உண்டு, சாய்வு இல்லை. கவிவனாரில் சாய்வு உண்டு, தடிப்பு ஒரே அளவு. நோட்டோவில் தடிப்பும் சாய்வும் உண்டு, ஆனால் அது செரிப். மூன்று குணங்களும் ஒன்றாகச் சேர்ந்த எழுத்து இந்த வரிசையில் இல்லை. சுவரில் ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் இருந்த எழுத்து அது என்பதுதான் வேடிக்கை.

முடிவுரை

சமமான கோடு ஓலையிலிருந்து வந்தது. தடிப்பு மர எழுத்திலிருந்து வந்தது. சாய்வு சுவரிலிருந்து வந்தது. ஆக, தடித்த சாய்ந்த செரிப் இல்லாத தலைப்பெழுத்து தமிழுக்கு அந்நியம் அல்ல. அதை ஆங்கில எழுத்துக்கான பொத்தானை அழுத்திப் பெற முடியாது என்பது மட்டுமே உண்மை. தமிழின் புள்ளிக்கும் சுழிக்கும் வாலுக்கும் இடம் விட்டு ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். பழைய சுவரெழுத்துக்களையும் பலகைகளையும் படம் எடுத்துச் சேர்த்து வைத்தால் அதற்கு நல்ல பாடப்புத்தகம் கிடைக்கும். வெள்ளையடிக்கப்படும் ஒவ்வொரு சுவரோடும் அதில் ஒரு பக்கம் குறைகிறது.

ஒரு தலைப்பெழுத்து நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நீண்ட சோதனை தேவையில்லை. அதில் குத்தம்பாக்கம் என்று எழுதி, முப்பது மீட்டர் தள்ளி நின்று, இரண்டு நொடி பார்த்தால் போதும். நான்கு புள்ளிகளும் அந்தந்த எழுத்தின் மேல் தெரிந்தால் அந்த எழுத்து தேறிவிட்டது.